எண்ணிக்கொண்டே நடங்கள்: 60 வயதைத் தாண்டியவர்களுக்கு உடலும் மூளையும் சேர்ந்து செய்யும் பயிற்சி

அம்மாவோடோ அப்பாவோடோ தெருவில் நடந்து போகும்போது ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். "மாமா ஊரிலிருந்து என்றைக்கு வர்றாராம்?" என்று கேட்டால் நடந்துகொண்டே பதில் சொல்கிறார்களா, இல்லை நின்று, யோசித்து, சொல்லி முடித்துவிட்டுத்தான் அடுத்த அடியை எடுத்து வைக்கிறார்களா? ஸ்வீடனில் உமேயோ நகரத்து ஆய்வாளர்கள் இந்தச் சின்ன விஷயத்தைத்தான் 1997இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். முதியோர் குடியிருப்பில் இருந்த 58 பேரோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே நடந்து பார்த்தார்கள். 12 பேர் பேச வேண்டி வந்ததும் நடையை நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஆறு மாதத்துக்குள் அந்த 12 பேரில் 10 பேர் கீழே விழுந்திருந்தார்கள்.

இளம் வயதில் நடப்பதற்கு நாம் யோசிப்பதில்லை, கால் தன்பாட்டுக்குப் போகும். வயது கூடக் கூடப் பார்வை மங்குகிறது, சுகர் இருந்தால் பாதம் மதமதத்துப்போகிறது, தொடையில் பலம் குறைகிறது. இந்தக் குறையையெல்லாம் மூளை தன் கவனத்தைக் கொண்டு ஈடுகட்டுகிறது, அதாவது முன்பு தானாக நடந்த வேலைக்கு இப்போது ஆள் நின்று மேற்பார்வை பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த நேரம் பார்த்து சட்டைப் பையில் போன் அடித்தால், பின்னால் ஆட்டோ ஹாரன் கேட்டால், பக்கத்து வீட்டுக்காரர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கவனம் இரண்டாகப் பிரிகிறது. வீட்டுக்குள்ளேயே வாசல் மணி அடித்ததும் அவசரமாக எழுந்து திரும்பும்போது விழுந்தவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் சொந்தக்காரர்களுக்குள் விசாரித்துப் பாருங்கள்.

கவனம் பிரியும்போதும் கால் தடுமாறாமல் இருக்கப் பழக்க வேண்டும் என்றால், கவனம் பிரிகிற நிலைமையை நாமே உண்டாக்கி, ஆபத்து இல்லாத இடத்தில் வைத்துப் பழக்க வேண்டும். பிசியோதெரபி நிலையங்களில் இதை டூயல் டாஸ்க் பயிற்சி, அதாவது ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிற பயிற்சி என்பார்கள். ஜப்பானில் ஓபு நகரத்தில் இருக்கிற தேசிய முதியோர் மருத்துவ மையம் காக்னிசைஸ் என்ற பெயரில் இதற்கு ஒரு முறையே வகுத்து ஊர் ஊராகச் சொல்லிக்கொடுக்கிறது. ஜெனீவாவில் 65 வயது தாண்டிய 134 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள்: வாரம் ஒரு மணி நேரம், பியானோ இசை மாற மாற நடையை மாற்றிக்கொண்டே போக வேண்டும், கையிலும் ஏதாவது வேலை இருக்கும். 2011இல் வெளியான முடிவின்படி, ஆறு மாதத்தில் பயிற்சி செய்தவர்கள் விழுந்தது மற்றவர்கள் விழுந்ததில் ஏறக்குறைய பாதிதான். இதைச் செய்தால் மறதி நோயே வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அந்த உத்தரவாதத்தை எந்தப் பயிற்சியும் தர முடியாது. நடை உறுதியாகும், பேசிக்கொண்டே நடக்கிற திறமை கூடும், விழுகிற வாய்ப்பு குறையும். இதுவே ஒரு குடும்பத்துக்குப் பெரிய விஷயம்.

எல்லாப் படிகளுக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. கணக்கில் தப்பு வரலாம், வரவும் வேண்டும், காலில் மட்டும் தப்பு வரக்கூடாது. எண்ணுவது எப்போதாவது ஒருமுறை உளறிப்போகிற அளவுக்குக் கஷ்டம் இருந்தால்தான் மூளைக்கு அது பயிற்சி. தப்பே வராமல் ஒரு பயிற்சியை ஒருவர் மடமடவென்று செய்கிறார் என்றால் அது அவருக்குப் பழகிவிட்டது, உடனே மாற்றிவிடுங்கள். எண்ணும்போது கால் தடுமாறினால் எண்ணுவதை விட்டுவிட்டுக் காலைப் பார்க்க வேண்டும். இதை முதல் நாளே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் பரீட்சை எழுதுகிற மாதிரி கணக்கைப் பிடித்துக்கொண்டு காலை மறக்கிற பெரியவர்கள் நிறைய.

தொடங்குவதற்கு முன்னால்

கடந்த ஒரு வருடத்தில் ஒருமுறையாவது விழுந்தவர், அடிக்கடி தலைசுற்றல் வருபவர், இதய நோய் உள்ளவர், பக்கவாதம் வந்து தேறியவர், பார்க்கின்சன் உள்ளவர், மூட்டு மாற்று அறுவை செய்து அதிக நாள் ஆகாதவர், இவர்களெல்லாம் டாக்டரிடம் கேட்டுவிட்டு, முடிந்தால் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் பக்கத்தில் இருக்கத் தொடங்குவதுதான் சரி. பார்க்கின்சன் உள்ளவர்களுக்கு நடுநடையில் கால் தரையில் ஒட்டிக்கொண்டது போல நின்றுவிடும், அவர்களைத் தனியாக விட்டு இதைச் செய்யவே கூடாது.

மற்றவர்கள் இரண்டு சோதனைகளைச் செய்து பார்க்கலாம். ஒன்று, சமையல் மேடை ஓரமாக நின்று ஒரு பாதத்தின் குதிகாலை அடுத்த பாதத்தின் விரல்நுனியைத் தொடுகிற மாதிரி வைத்து, மேடையிலிருந்து கையை எடுத்துவிட்டு 10 வினாடி நிற்க முடிகிறதா? இரண்டு, நாற்காலியில் உட்கார்ந்து, எழுந்து, 10 அடி தூரம் சாதாரண வேகத்தில் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை வினாடி ஆகிறது? 10 வினாடி நிற்க முடியவில்லை, அல்லது எழுந்து நடந்து உட்கார 12 வினாடியோ அதற்கு மேலோ ஆகிறது என்றால் விழுகிற ஆபத்து கூடுதல் என்று அர்த்தம். அவர்கள் கீழே சொல்கிற முதல் கட்டத்தை, உட்கார்ந்து செய்வதை மட்டும், வைத்துக்கொண்டு பிசியோதெரபிஸ்டைப் பார்க்கட்டும். இந்த வினாடிக் கணக்கைக் காலண்டரில் எழுதி வையுங்கள். கூடவே இன்னொன்றும் எழுதுங்கள்: அதே 10 அடியை, 50இலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்து வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நடந்து வர எவ்வளவு ஆகிறது? இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் வரும் மாதங்களில் நாம் குறைக்கப்போகிறோம்.

இடம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கால்மிதியை எடுத்துவிடுங்கள், டைல்ஸ் தரையில் அது வழுக்கிக்கொண்டு போகும். ஹவாய் செருப்பு வேண்டாம், சாக்ஸ் மட்டும் போட்டுக்கொண்டும் வேண்டாம். பின்பக்கம் பட்டை வைத்த செருப்பு அல்லது ஷூ நல்லது, சுகர் உள்ளவர்கள் வெறுங்காலோடு செய்யவே கூடாது. சேலையையும் நைட்டியையும் கணுக்காலுக்கு மேலே இருக்கும்படி தூக்கிச் செருகிக்கொள்ளுங்கள், வேட்டி என்றால் மடித்துக் கட்டுங்கள். கண்ணாடி பைஃபோக்கல் என்றால் கீழ்ப்பாதி வழியாகப் பார்க்கும்போது தரை மங்கலாகத் தெரியும், அதனால் கீழே பார்க்க வேண்டிய பயிற்சிகளில் கண்ணை மட்டும் தாழ்த்தாமல் தலையைக் குனிந்து கண்ணாடியின் மேல்பாதி வழியாகப் பார்க்க வேண்டும். பிடித்துக்கொள்ள கனமான மர நாற்காலி வேண்டும், பிளாஸ்டிக் நாற்காலி பாரம் தாங்காமல் நகர்ந்துவிடும். பிரஷர் மாத்திரை போடுகிறவர்கள் படுக்கையிலிருந்து எழுந்த உடனே தொடங்காமல், கொஞ்ச நேரம் உட்கார்ந்து, கிறுகிறுப்பு இல்லை என்று பார்த்துவிட்டு எழ வேண்டும். இன்சுலின் போடுகிறவர்கள் வெறும் வயிற்றில் செய்ய வேண்டாம், கைக்கெட்டும் தூரத்தில் சர்க்கரை இருக்கட்டும்.

முதல் கட்டம்: நாற்காலியில் உட்கார்ந்து

ஒரு வாரமோ இரண்டு வாரமோ, அவசரம் இல்லை. நாற்காலியில் முதுகு சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்து, வலது முட்டி, இடது முட்டி என்று மாற்றி மாற்றி அணிவகுப்பு மாதிரி தூக்க வேண்டும். முதலில் கால் மட்டும் ஒரு நிமிடம். அப்புறம் காலை நிறுத்திவிட்டு மூளை வேலை மட்டும், 20இலிருந்து தலைகீழாக 1 வரை. இரண்டும் தனித்தனியாகச் சரளமாக வந்த பிறகுதான் சேர்க்க வேண்டும். எந்தப் புதுப் பயிற்சிக்கும் இந்த வரிசைதான்: உடம்பு தனியாக, மூளை தனியாக, பிறகு இரண்டும். இதைத் தாண்டிக் குதித்தால் பெரியவர்கள் இரண்டாவது நாளே "எனக்கு இதெல்லாம் வராது" என்று உட்கார்ந்துவிடுவார்கள்.

மனதுக்குள் எண்ணுவது போதாது, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கணக்குப் போடும்போது பலரும் தங்களை அறியாமல் மூச்சை அடக்கிக்கொள்கிறார்கள், பிரஷர் உள்ளவர்களுக்கு அது நல்லதல்ல. வாய்விட்டுச் சொன்னால் மூச்சு ஓடும், எங்கே தடுக்குகிறது என்பதும் கேட்கும்.

மூளை வேலை என்றதும் எல்லாருக்கும் கழித்தல் கணக்கைக் கொடுத்துவிடாதீர்கள். பள்ளிக்கூடம் அதிகம் போகாத ஒரு அம்மாவிடம் 100இலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னால் அவருக்கு அவமானமாகத்தான் இருக்கும், அதே அம்மா 27 நட்சத்திரங்களையும் மூச்சுவிடாமல் சொல்வார். அவரை ரேவதி, உத்திரட்டாதி, பூரட்டாதி, சதயம் என்று பின்னாலிருந்து சொல்லச் சொல்லுங்கள், அதுதான் அவருக்கு ஏற்ற கஷ்டம். பங்குனியிலிருந்து பின்னோக்கித் தமிழ் மாதங்கள், பேரன் பேத்திகளின் பெயர்கள் வயது வரிசையில், ஒரு கல்யாணச் சாப்பாட்டு இலையில் எது எந்த இடத்தில் வைப்பார்கள் என்று இடமிருந்து வலமாக. கோலம் தெரிந்தவரிடம், 15இல் தொடங்கி 8இல் முடிகிற ஊடுபுள்ளிக் கோலத்துக்கு மொத்தம் எத்தனை வரிசை என்று முட்டியைத் தூக்கிக்கொண்டே மனதில் போட்டுப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். நடுவில் 15, மேலே ஏழு வரிசை, கீழே ஏழு வரிசை, ஆக 15 வரிசை.

வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் பற பற விளையாட்டு இந்தக் கட்டத்துக்கு அருமையாகப் பொருந்தும். பிள்ளை ஒவ்வொரு பெயராகச் சொல்ல வேண்டும், காக்கா என்றால் தாத்தா இரண்டு கையையும் தூக்க வேண்டும், எருமை என்றால் கை அசையக்கூடாது, கால் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். வேகமாக வரும் உந்துதலை அடக்குவதும் மூளைக்கு ஒரு தனி வேலை, அது இதில் தானாகக் கிடைக்கிறது.

இரண்டாம் கட்டம்: நின்ற இடத்தில்

கனமான நாற்காலியின் முதுகுப் பக்கமாக, கை வைக்க வசதியாக நில்லுங்கள். காக்னிசைஸில் சொல்லித்தருகிற அடிப்படையான அடி இது: ஒன்று என்றதும் வலது காலைப் பக்கவாட்டில் வையுங்கள், இரண்டு என்றதும் திரும்பச் சேருங்கள், மூன்றுக்கு இடது கால் பக்கவாட்டில், நான்குக்குச் சேர்க்க வேண்டும். ஐந்து, மறுபடி வலது. அப்படியே எண்ணிக்கொண்டு போகிறோம், 3இன் மடங்கு வரும்போதெல்லாம் எண்ணைச் சொல்லாமல் கை தட்ட வேண்டும்.

இதை எடுத்த எடுப்பில் 3இல் தொடங்காமல் 4இல் தொடங்குங்கள் என்பேன். அடிகள் நான்கு நான்காகச் சுழல்வதால் 4, 8, 12 எல்லாமே இடது காலைச் சேர்க்கிற அதே இடத்தில் விழும், உடம்பே ஞாபகம் வைத்துக்கொள்ளும், புதியவருக்குத் தைரியம் வரும். இரண்டு மூன்று நாளில் அது சப்பென்று ஆகிவிடும், அப்போது 3க்கு மாறுங்கள். 3இல் இடது கால் வெளியே போகும்போது தட்டு, 6இல் வலது காலைச் சேர்க்கும்போது தட்டு, 9இல் வலது கால் வெளியே, 12இல் இடது காலைச் சேர்க்கும்போது. ஒவ்வொரு தட்டும் வேறு வேறு இடத்தில் விழுவதால் உடம்பு மனப்பாடம் செய்ய முடியாமல் மூளை விழித்தே இருக்க வேண்டியிருக்கிறது. எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் காலையில் கூடுகிற பெரியவர்கள் பெரும்பாலும் 12 வரை நன்றாக வந்து 15ஐ வாயால் சொல்லிவிடுவார்கள், சொன்ன பிறகு கை தாமதமாகத் தட்டும், எல்லாரும் சிரிப்பார்கள். நாம் தேடுகிற கஷ்டம் சரியாக அந்த இடத்தில்தான் இருக்கிறது.

3 பழகினால் 5. அதுவும் பழகினால் 3இன் மடங்குக்குக் கைதட்டல், 5இன் மடங்குக்குத் தொடையில் ஒரு தட்டு, 15 வந்தால் இரண்டும். கை தட்டும்போது நாற்காலிப் பிடி விட்டுப்போகும் என்பதால், பிடி இல்லாமல் நிற்கப் பயப்படுகிறவர்கள் கைதட்டலுக்குப் பதில் நாற்காலியின் முதுகை ஒரு கையால் தட்டலாம், இன்னொரு கை பிடித்தபடியே இருக்கும்.

சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இதைவிடச் சுவையான ஒன்று இருக்கிறது. நின்ற இடத்தில் கால் மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டே ஆதி தாளம் போடுங்கள்: தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. எட்டும் இரட்டைப்படை என்பதால் சுற்று எப்போதும் ஒரே காலில் தொடங்கும், சுலபம். பிறகு ரூபகத்தைத் தட்டு, தட்டு, வீச்சு என்று மூன்றாகப் போட்டுக்கொண்டு மிதியுங்கள். இப்போது ஒரு சுற்று வலது காலில் தொடங்கினால் அடுத்த சுற்று இடது காலில் தொடங்கும், கையும் காலும் ஒன்றையொன்று இழுக்கும். வாயில் ஏதாவது பாட்டும் சேர்ந்தால் மூன்று வேலை. பாடம் கேட்டு வளர்ந்தவர்களே இதில் திணறுவார்கள்.

மூன்றாம் கட்டம்: நடந்துகொண்டே

வீட்டு ஹால், வராந்தா, மொட்டை மாடி, பூங்காவில் மேடு பள்ளமில்லாத பாதை. ரோட்டில் வேண்டவே வேண்டாம். முதல் சில நாட்கள் ஒருவர் பக்கத்தில், அரை அடி பின்னால் நடந்து வர வேண்டும், கையைப் பிடித்து இழுக்காமல், தேவைப்பட்டால் பிடிக்கிற தூரத்தில்.

பேச்சை விளையாட்டாக்குங்கள். ஊர்ப்பெயர் அந்தாதி நன்றாக வேலை செய்கிறது: ஒருவர் மதுரை என்றால் அடுத்தவர் ராமேஸ்வரம், அதிலிருந்து மன்னார்குடி. 'டி'யில் ஊர் கிடைக்காது, அப்போது அதற்கு முந்தின எழுத்தை எடுத்துக்கொண்டு கும்பகோணம், அங்கிருந்து மயிலாடுதுறை. யோசிக்கிற நேரத்திலும் நடை நிற்கக்கூடாது, வேகம் குறையலாம்.

அவரவர் வாழ்க்கையில் தினமும் புழங்கிய வரிசைகளை எடுத்துக்கொள்வது இன்னும் நல்லது. சென்னையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவருக்குத் தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை ரயில் நிலையங்கள் தூக்கத்தில் கேட்டாலும் வரும், அதனால் அதை அப்படியே சொல்லச் சொல்வதில் பயன் இல்லை. ஒன்றுவிட்டு ஒன்று சொல்லச் சொல்லுங்கள்: தாம்பரம், குரோம்பேட்டை, திரிசூலம், பழவந்தாங்கல், கிண்டி. எங்களோடு நடக்கிற ஒரு அம்மா குரோம்பேட்டை வரை வீச்சு வீச்சென்று வருவார், அடுத்தது பல்லாவரமா திரிசூலமா என்ற இடத்தில் அவருடைய இடது கால் தரையிலிருந்து எழும்பாமல் ஒரு கணம் தேய்ந்துகொண்டே வரும். பக்கத்தில் நடப்பவர் பார்க்க வேண்டியது இந்தக் காலைத்தான், பதில் சரியா தப்பா என்பதை அல்ல. கால் தேய்ந்தால் கேள்வி கடினம், ஒரு படி சுலபமாக்குங்கள்.

எட்டு போட்டு நடப்பதை இங்கே சேர்த்துக்கொள்ளலாம். வடக்கு தெற்காகப் போட வேண்டும், இத்தனை நோய் போய்விடும் என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் வருவதைப் பொருட்படுத்த வேண்டாம். எட்டு நடையின் உண்மையான பலன் அதிலுள்ள திருப்பங்களில் இருக்கிறது. நேராக நடக்கும்போது விழாதவர்களும் திரும்பும்போது விழுகிறார்கள், எட்டில் வலப்பக்கமும் இடப்பக்கமும் மாறி மாறித் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். தரையில் கோடு போடுவதைவிட, கனமான இரண்டு நாற்காலிகளை 8 அடி இடைவெளியில் வைத்து அவற்றைச் சுற்றி எட்டு போடுங்கள், திரும்புகிற இடத்திலேயே பிடி இருக்கும். முதலில் வெறும் எட்டு. அது உறுதியானதும், நாற்காலியைச் சுற்றும்போது மௌனம், நடுவில் குறுக்கே வரும்போது மட்டும் ஒரு காய்கறி பெயர். கடைசியாகத்தான் திரும்பும்போதும் பேச்சு.

தரைக் கட்டங்கள்

ஜப்பானில் ட்சுகுபா பல்கலைக்கழகத்தில் உருவான கட்ட நடைப் பயிற்சி ஒன்று உண்டு. ஒரு மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் நீளம் உள்ள விரிப்பில் 25 சென்டிமீட்டர் கட்டங்கள் 40, அகலவாக்கில் நான்கு, நீளவாக்கில் பத்து. கோட்டை மிதிக்காமல் ஒரு குறிப்பிட்ட வரிசையில் நடந்து போக வேண்டும். பாண்டி ஆடிய தலைமுறைக்கு இதை விளக்கவே வேண்டாம், ஆனால் நொண்டி அடிப்பதும் குதிப்பதும் இதில் கிடையாது.

அந்த விரிப்பு வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. ஒரு அடிக்கு ஒரு அடி டைல்ஸ் போட்ட தரை இருந்தால் அதுவே போதும், இரண்டு அடி டைல்ஸ் என்றால் நடுவில் சாக்பீஸால் கோடு இழுத்துக்கொள்ளுங்கள். பேப்பரையோ அட்டையையோ துணியையோ தரையில் விரித்துவிடாதீர்கள், வழுக்கும். முதல் வரிசை: இரண்டு பத்தியில், இடது கால் ஒன்றில், வலது கால் ஒன்றில், நேராக முன்னே. அடுத்தது, இரண்டு கட்டம் முன்னே போய் ஒரு பத்தி வலப்பக்கம் மாறி, மறுபடி இரண்டு முன்னே, ஒரு பத்தி இடப்பக்கம். அதற்கும் அடுத்தது, இரண்டு முன்னே ஒன்று பின்னே. பின்னால் கால் வைக்கிற எதற்கும் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும்.

முக்கியமான விஷயம், நீங்கள் ஒருமுறை நடந்து காட்டுங்கள், அவர்கள் பார்த்து ஞாபகத்திலிருந்து செய்யட்டும். கூடவே நடந்தோ, "இப்ப வலது, இப்ப இடது" என்று சொல்லிக்கொண்டோ இருந்தால் மூளையின் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள்.

கும்மியும் கோலாட்டமும் தெரிந்த பெண்கள் நான்கு பேர் சேர்ந்தால் மேலே சொன்ன பாதியை விட்டுவிட்டு அதையே ஆடலாம். வட்டத்தில் நகர வேண்டும், பக்கத்தில் இருப்பவரின் கையோடு சேர்த்துத் தட்ட வேண்டும், பாட்டு வரி மறக்கக்கூடாது, திசை மாற வேண்டும், எல்லாம் அதிலேயே இருக்கிறது. நியூயார்க்கில் பிராங்க்ஸ் பகுதியில் 75 வயது தாண்டிய 469 பேரைத் தொடர்ந்து கவனித்து 2003இல் வெளியான ஆய்வில், உடலசைவு சார்ந்த பொழுதுபோக்குகளில் நடனத்துக்கு மட்டும்தான் மறதி நோய் குறைவாக வருவதோடு தொடர்பு தெரிந்தது. நடனம்தான் காப்பாற்றியதா, மூளை நன்றாக இருந்தவர்கள்தான் ஆடினார்களா என்பதை அந்த மாதிரி ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது, என்றாலும் நான் ஆடத்தான் சொல்வேன். உட்கார்ந்து எழும் கும்மி வேண்டாம், நின்றபடியே ஆடுவது போதும்.

ஏற்கெனவே மறதி இருப்பவர்களுக்கு

இங்கே ரொம்பக் கவனம் வேண்டும். மறதி நோய் தொடங்கிவிட்ட அப்பாவிடம் "இன்னிக்கு என்ன கிழமை, சொல்லுங்க பார்ப்போம்", "இது யாருன்னு தெரியுதா" என்று கேட்பது பயிற்சியாகாது, அவரைக் கூசிப்போகச் செய்வதுதான் மிச்சம். கேள்வியே கேட்காதீர்கள். நீங்கள் பாதி சொல்லுங்கள், அவர் முடிக்கட்டும். "ஆடிக் காத்தில்" என்றால் "அம்மியும் பறக்கும்" என்பது பெரும்பாலும் தானாக வந்து விழும், பழமொழிகள் வெகுநாள் தங்கும். கூடவே இருவரும் கைகோத்துக்கொண்டு ஹாலுக்கும் சமையலறைக்கும் நடக்கலாம். சின்னப் பந்தையோ ஒரு எலுமிச்சம்பழத்தையோ கையில் கொடுத்துவிட்டு வாங்கி, திரும்பக் கொடுத்து வாங்கி நடந்தால் அதுவே அவருக்கு இரண்டாவது வேலை. சொல் வராமல் முகம் மாறுகிறது என்றால் உடனே பேச்சை விட்டுவிட்டு, அவருக்குப் பிடித்த பழைய பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டு நடையைத் தொடருங்கள்.

எவ்வளவு நேரம், எப்போது மாற்றுவது, எப்போது நிறுத்துவது

தொடக்கத்தில் ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் போதும். மெதுவாக இருபது நிமிடம் வரை போகலாம், நடுவில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டு. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலில் 65 வயது தாண்டியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு, அதோடு வாரத்தில் மூன்று நாளாவது உடல் சமநிலைக்கும் தசை வலுவுக்குமான கலவைப் பயிற்சி என்று சொல்கிறது. நம்முடைய பயிற்சியை அந்த மூன்று நாள் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். தினசரி வாக்கிங்கை இதற்காக விட்டுவிட வேண்டாம். வேகம் சரியா என்று பார்க்க எண்ணுகிற குரலைக் கேட்டாலே போதும்: ஒரு வாக்கியம் பேச வந்தால் சரி, எண்ணுக்கு எண் மூச்சு வாங்கினால் அதிகம்.

பத்து முயற்சியில் ஒன்றிரண்டு தடவை உளறுகிறார் என்றால் அதே பயிற்சியில் இருங்கள். உளறலே இல்லை என்றால் மூளை வேலையைக் கொஞ்சம் கூட்டுங்கள், காலின் வேலையை அப்படியே வைத்துக்கொண்டு. அடுத்த முறை காலின் வேலையைக் கூட்டி மூளை வேலையைக் குறையுங்கள். இரண்டையும் ஒரே நாளில் கூட்டினால்தான் தடுமாற்றம் வரும். கூடச் செய்பவர்கள் ஒவ்வொரு தப்பையும் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம், வீட்டில் இருக்கும் இளசுகளுக்கு இதைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவைப்பது நல்லது. மாதம் ஒருமுறை காலண்டரில் எழுதிய அந்தப் 10 அடி நடையை, எண்ணாமல் ஒன்று, எண்ணிக்கொண்டு ஒன்று என்று நேரம் பார்த்துக் குறித்துவையுங்கள்.

நெஞ்சில் வலியோ இறுக்கமோ, கண் இருட்டிக்கொண்டு வருவது, படபடப்பு அடங்காமல் இருப்பது, புதிதாக வந்த மூட்டுவலி, இதில் எது வந்தாலும் அன்றைக்கு நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். உட்கார்ந்தும் நெஞ்சுவலி அடங்கவில்லை, பேச்சு குழறுகிறது, வாய் கோணுகிறது, ஒரு பக்கக் கையோ காலோ திடீரென்று மரத்துப்போகிறது என்றால் தாமதிக்காமல் ஆம்புலன்ஸ் கூப்பிடுங்கள், தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. பயிற்சிக்குப் போகும்போது ஒருவர் கையிலாவது போன் இருக்கட்டும்.

காய்ச்சல், பயணம், கல்யாணம் என்று நடுவில் இரண்டு வாரம் விட்டுப்போனால், விட்ட இடத்திலிருந்து தொடங்காமல் ஒரு கட்டம் பின்னால் போய்த் தொடங்குங்கள். படுக்கையில் கிடந்து எழுந்தவர்கள் நாற்காலிக் கட்டத்துக்கே திரும்பிப் போய், குதிகால் விரல்நுனிச் சோதனையில் 10 வினாடி நின்று காட்டிய பிறகு எழுந்து நின்று செய்யட்டும்.